பீலிக்கரையில் பாசி

எங்கள் லயத்துக்கு, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பீலி ஒன்றுதான். மேல்மலை ஊற்றுத் தண்ணீரை யாரோ ஒரு காலத்தில் மூங்கில் வைத்து இறக்கியிருக்கிறார்கள். என் காலத்தில் மூங்கில் போய் இரும்புக் குழாய் வந்துவிட்டது. பெயர் மட்டும் பீலியாகவே நின்றது. பன்னிரண்டு காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேர், ஒரே குழாய். தை, மாசியில் தண்ணீர் சுண்டுவிரல் பருமனுக்குத்தான் வரும். குடம், வாளி, மண்ணெண்ணெய்த் தகரம் எல்லாம் வரிசையில் நிற்கும். ஆள் நிற்க வேண்டியதில்லை, பாத்திரம் நின்றால் போதும். அடுத்தவர் பாத்திரத்தை நகர்த்துகிறவனுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

1988ஆக இருக்க வேண்டும், எனக்குப் பதினொரு வயது. அம்மா காலை ஆள்கணக்குக்கு, அதாவது பிரட்டுக்குப் போகுமுன் தண்ணீர் சேர்த்து வைக்க விடியற்காலையிலேயே போயிருந்தேன். தொங்கல் வீட்டுப் பையன், அதாவது லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவன், என் வாளியைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தன் அலுமினியக் குடத்தை வைத்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஒரு சாண் கூடுதல் உயரம். நான் ஏன் அவனைத் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. நியாயப்படி அன்று நான்தான் மண்ணைக் கவ்வியிருக்க வேண்டும். ஆனால் கல்லில் பாசி. அவன் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தான். விழுந்த வேகத்தில் குடம் அவன் முதுகுக்குக் கீழே நசுங்கியது. நான் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து இரண்டு குத்து விட்டேன். உதடு கிழிந்தது. பெண்கள் ஓடிவந்து என்னைத் தூக்கி எறிந்தார்கள். எல்லாம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

அந்த ஒரு நிமிடத்தைவிட அதற்குப் பிந்தைய மூன்று வாரங்களைத்தான் நான் இன்றும் யோசிக்கிறேன். அதுவரை அம்மாவின் படங்குக்குப் பின்னால் ஒளிகிறவன் நான். அந்த மூன்று வாரத்தில் நான்கு பேரை அடித்தேன். ஒருவனைப் போளை விளையாட்டுக்காக, ஒருவனைப் பார்த்த பார்வைக்காக. மற்ற இருவரையும் எதற்கு அடித்தேன் என்று அப்போதே கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பாடசாலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நடுவில் நடக்கத் தொடங்கினேன். எதிரே வருகிறவன் தேயிலைச் செடிக்குள் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினார்கள். அதில் ஒரு ருசி இருந்தது, மறைப்பதற்கில்லை.

தாத்தா இஸ்தோப்புத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இளமையில் சேவல் வளர்த்தவர். ஒருநாள் அப்பாவிடம் சொன்னார்: “சேவலுக்கு முதல் சண்டையில் நோஞ்சானைப் பிடித்து விட வேண்டும். ஜெயித்தால் அது தன்னை யானை என்று நினைத்துக்கொள்ளும். இவனுக்குப் பாசி நோஞ்சானைக் கொடுத்துவிட்டது.”

தாத்தா பள்ளிக்கூடம் போனவரல்ல. ஆனால் நான் பிற்பாடு உயிரியல் படித்து, அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, வாசித்து அறிந்தவற்றில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஆய்வுகூடங்களில் சுண்டெலிகளைச் சண்டைக்குப் பழக்குவதும் ஏறக்குறைய இதே வழியில்தான். எலி தன் கூண்டிலேயே இருக்கும். உள்ளே சாதுவான, சின்ன எதிரி ஒன்றை விடுவார்கள். அது ஜெயிக்கும். மறுநாள் இன்னொன்று. சில நாட்களில் அந்த எலி வேறு எலியாகிவிடும். சீக்கிரம் பாயும், நிறுத்தாமல் கடிக்கும். வெற்றியாளர் விளைவு என்று இதற்குப் பெயர். கலிபோர்னியச் சுண்டெலி என்ற இனத்தில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறார்கள்: வெல்லும் இடம் சொந்த இடமாக இருந்தால் விளைவு கூடுதல். மூளையில் இன்பத்தோடும் வெகுமதியோடும் தொடர்புள்ள பகுதிகளில் ஆண் ஓமோன்களை ஏற்கும் ஏற்பிகள் அதிகரிப்பது, சொந்த வளையில் வென்ற எலிகளில்தான். பீலிக்கரை எனக்கு வளை மாதிரித்தான்.

சண்டைக்கென்று மூளையில் ஓர் இடம் இருக்கிறதா என்ற கேள்வி பழையது. சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ் பூனைகளின் ஹைபோதலாமஸில் மெல்லிய மின்கம்பியைச் செருகித் தூண்டியபோது, சும்மா உட்கார்ந்திருந்த பூனை முதுகைச் சிலிர்த்து, சீறி, கையை நோக்கிப் பாய்ந்தது. 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹைபோதலாமஸ் மூளையின் அடியில் இருக்கும் சிறு பகுதி. பசி, தாகம், உடல்வெப்பம், காமம் எல்லாவற்றுக்கும் அங்கே கணக்கு உண்டு. 2011இல் டேயு லின் என்ற ஆய்வாளரும் சகாக்களும் சுண்டெலி ஹைபோதலாமஸின் ஒரு மூலையில் உள்ள நரம்புக் கலங்களை ஒளியால் இயக்கிக் காட்டினார்கள். ஒளி எரிந்ததும் எலி பாய்ந்தது. வழக்கமாகத் தாக்காத பெண் எலியைத் தாக்கியது. காற்றடைத்த கையுறை ஒன்றைக்கூடத் தாக்கியது.

அந்தக் கையுறையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பார்த்த பார்வைக்காக நான் அடித்த அந்தப் பையன் எனக்கு என்ன செய்தான்? அவன் ஒரு கையுறை.

இப்படி ஒரு விசை பிறப்பிலேயே இருக்கிறதென்றால், மனிதன் பிறப்பிலேயே முரடன் என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அடிக்கடி கேட்கும் சொல் ‘ரத்தம்’. “அவன் அப்பனும் இப்படித்தான் சேர், ரத்தத்திலேயே இருக்கிறது.” நகரத்திலிருந்து வரும் ஒன்றிரண்டு பேர் இன்னும் ஒரு படி மேலே போய், தோட்டத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்பார்கள். நான் லயத்தில் பிறந்தவன் என்பது நினைவுக்கு வந்ததும் “உங்களைச் சொல்லவில்லை” என்று தேநீர்க் கோப்பைக்குள் பார்ப்பார்கள்.

அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அந்த மூலையில் உள்ள கலங்களை 2017இல் வேறொரு வகையில் பார்த்தார்கள். நுண்ணிய கருவியொன்றைத் தலையில் பொருத்தி, எந்தெந்தக் கலம் எப்போது விழிக்கிறது என்று நாள்கணக்கில் கவனித்தார்கள். மற்ற எலிகளோடு பழகி அனுபவமுள்ள ஆண் எலியில், ஆணைக் கண்டால் ஒரு கூட்டம் கலங்கள் விழிக்கின்றன, பெண்ணைக் கண்டால் வேறொரு கூட்டம். இது பிறப்பிலேயே வந்த ஏற்பாடாகத்தான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் பழக்கமில்லாத எலியில் இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. யார் எதிரி, யார் துணை என்ற பிரிவு பழகப் பழகத்தான் உருவானது. பெண் எலியோடு வெறும் அரைமணி நேரம் இணைசேர்ந்த அனுபவமே அந்தப் பிரிவு தொடங்கப் போதுமானதாக இருந்தது. சண்டை போடும் குணமும் அதன் பிறகுதான் தலைகாட்டியது. இயல்பூக்கத்தின் கோட்டை என்று நாம் நினைத்த இடத்துக்குள்ளேயே அனுபவம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது.

2020இல் இன்னொரு துண்டு சேர்ந்தது. அடுத்தடுத்து வென்ற எலிகளில், பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பின்புறத்திலிருந்து அந்த மூலைக்கு வரும் நரம்பு இணைப்புகள் பலப்பட்டிருந்தன. பாடத்தை மனப்பாடம் செய்யும்போது மூளை எப்படி இணைப்புகளைப் பலப்படுத்துகிறதோ அதே வகை வேலை. வாய்ப்பாடு படிப்பது போல அடிதடியும் படிக்கப்படுகிறது. சில ஆண் எலிகள் எத்தனை முறை வாய்ப்புக் கொடுத்தாலும் சண்டைக்கே போகவில்லை. அவற்றில் ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது, இணைப்பும் பலப்படவில்லை. ஆகவே உடல்வாகு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உடல்வாகின் மேல்தான் எழுத்து விழுகிறது. ரத்தம் என்று சொல்கிறவர்கள் தாளை மட்டும் பார்க்கிறார்கள்.

மனிதனிலும் இந்த ஓமோன் வெற்றிக்குப் பின்னால் ஓடுவது தெரிந்ததே. சதுரங்கத்தில் வென்றவர்களிடம்கூட அது உயர்ந்தது. 1994 உலகக் கிண்ணக் கால்பந்து இறுதிப் போட்டியில் பிரேசில் இத்தாலியை வென்றபோது, தொலைக்காட்சியில் பார்த்த ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். பிரேசில் ரசிகர்களுக்கு ஏறியது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியது. மைதானத்தில் கால் வைக்காதவர்களுக்கு! 1996 மார்ச்சில் லாகூரில் இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்ற இரவில், ஒரே ஒரு தொலைக்காட்சி இருந்த காம்பராவுக்கு முன்னால் கூடியிருந்த நாங்கள் நாற்பது பேரும் திரும்பி நடந்த நடையை நினைத்தால் எனக்கு அதில் ஐயமே வருவதில்லை.

வென்றவன் கதை போதும். தோற்றவனிடம் போகிறேன்.

தொங்கல் வீட்டுப் பையன் அதன் பிறகு பீலிக்கு அந்த நேரத்தில் வருவதை நிறுத்திவிட்டான். எல்லோரும் பிடித்து முடித்தபின், வெயிலேறிய பிறகு வருவான். என்னைவிடப் பலசாலி, மறுநாளே என்னைப் பிழிந்திருக்கலாம். வரவில்லை. பாசி வழுக்கியதால்தான் விழுந்தோம் என்பது அவனுக்கும் தெரியும், அவன் உடம்புக்குத் தெரியவில்லை.

கிரேஃபிஷ் என்று நன்னீரில் வாழும் ஒரு பிராணி. இறாலுக்கு உறவு, பார்ப்பதற்குக் கொடுக்கு வைத்த இறால். ஆபத்து வந்தால் வாலைச் சொடுக்கிப் பின்னால் பாய்ந்து தப்பும். அந்தச் சொடுக்கை நடத்தும் பெரிய நரம்புக் கலம் ஒன்றில், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் இரசாயனமான செரோடோனினை விட்டுப் பார்த்தார்கள். சண்டையில் வென்று ஆளுகிறவனின் கலத்தை அது தூண்டியது. தோற்று அடங்கியவனின் கலத்தை அதே மருந்து அடக்கியது. 1996இல் வெளிவந்த ஆய்வு இது. ஒரே பிராணி, ஒரே கலம், ஒரே இரசாயனம். வென்றாயா, தோற்றாயா என்பதை வைத்து விளைவு தலைகீழாகிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு பிள்ளையாவது “சேர், அப்படியென்றால் மருந்தும் ஆளைப் பார்த்துத்தான் வேலை செய்யுமா?” என்று கேட்கும். கேட்காத வகுப்பில் எனக்கு மனம் சோர்ந்துவிடும்.

சில்வண்டுகளில் கொஞ்சம் ஆறுதலான செய்தி உண்டு. சண்டையில் தோற்ற ஆண் சில்வண்டு ஒருநாள் அளவுக்கு எதிரியைக் கண்டால் விலகி ஓடும். ஆனால் அதைச் சிறிது நேரம் காற்றில் பறக்க விட்டால் மறுபடி சண்டைக்குத் தயாராகிவிடும். சீனாவில் சில்வண்டுச் சண்டை நடத்துகிறவர்கள் தோற்ற பூச்சியைக் கையில் வைத்துக் குலுக்கித் தூக்கிப் போடுவது நெடுங்காலப் பழக்கம். 2000இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அதில் உண்மை இருப்பதை நிறுவினார்கள். தொங்கல் வீட்டுப் பையன் அடுத்த வருடம் தோட்டத்துக் கரப்பந்தாட்டக் குழுவில் சேர்ந்தான். வலைக்கு மேலே எம்பி அவன் அடிக்கும் அடியைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பூச்சியையும் மனிதனையும் இப்படிச் சேர்த்துவைப்பது அறிவியல் ஆகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவன் எம்பும்போதெல்லாம் நான் சில்வண்டைத்தான் நினைப்பேன்.

எங்கள் லயத்தில் ஒருவர் இருந்தார். உறவில்லை, ஆனால் எல்லோருக்கும் மாமா. பகலில் பூனை. சம்பள நாளில் தவறணைக்குப் போய்விட்டு வந்தால் மாமியை அடிப்பார். குடித்தால் அவருக்குத் தன்னை மறந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், மாமியும் சொன்னார். ஆனால் தவறணையிலிருந்து லயத்துக்கு வரும் வழியில் கணக்கப்பிள்ளையின் வீடு இருந்தது. அந்த வளைவுக்கு வந்ததும் மாமா மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்துவிடுவார். பாட்டை நிறுத்துவார். விளக்கு எரிகிற ஜன்னலைத் தாண்டும்வரை கால் தடுமாறாது. தாண்டியதும் சாரம் மறுபடி மேலே ஏறும், குரலும் ஏறும். நாங்கள் சிறுவர்கள் மேல்பாதையில் உட்கார்ந்து இதைப் பார்த்துச் சிரிப்போம். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மாமி அலறும் சத்தம் கேட்கும்.

தன்னை மறந்தவருக்கு ஜன்னல் எப்படித் தெரிந்தது? எந்தச் சண்டையில் வெல்லலாம், எதில் தோற்போம் என்ற கணக்கு சாராயத்தால் அழிவதில்லை. தோட்டத்தை நடத்தும் பெரிய துரை சின்னத் துரையை ஏசுவார், அவர் கணக்கப்பிள்ளையை, அவர் கங்காணியை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் போடுவார்கள். அன்று மாலை அடி யார் முதுகில் விழும் என்பதைக் கணக்குப் புத்தகம் பார்த்தே சொல்லிவிடலாம். மின்னதிர்ச்சி கொடுக்கப்படும் எலிக்கு, கடிக்கப் பக்கத்தில் இன்னொரு எலி இருந்தால் வயிற்றுப் புண் குறைவாக வருகிறது என்று வெகுகாலம் முன்பே கண்டிருக்கிறார்கள். அடித்தால் அடிப்பவனுக்கு உடம்பு லேசாகிறது. மாமாவை மன்னிக்க இதைச் சொல்லவில்லை. மாமியின் வயிற்றில் என்ன புண் வந்தது என்று யாரும் அளக்கவில்லையே.

செங்குரங்குகளைப் பார்த்தாலும் இதே வரிசைதான். பொலன்னறுவையில் 1968 முதல் அவற்றை ஆராய்ந்துவந்த வொல்ஃப்காங் டிட்டஸ் எழுதியிருக்கிறார்: மேல்நிலைக் குரங்கு, கீழ்நிலைக் குரங்கின் கன்னப் பையில் விரலை விட்டு அது சேர்த்த உணவைத் தோண்டி எடுக்கும், கீழ்நிலைக் குரங்கு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் போஞ்சியைப் பிடுங்கும் கூட்டத்திலும் இதை நானே பார்த்திருக்கிறேன். முதல் முறை பார்த்தபோது எனக்குச் சம்பள நாளன்று தோட்டத்தில் வந்து நிற்கும் வட்டிக்காரர் ஞாபகம்தான் வந்தது.

போன வருடம் தரம் 9இல் ஒரு பையன் வந்தான். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை, அப்பா கொழும்பில். பாட்டி இருந்தார், ஆனால் காது கேட்காது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது மற்றப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் கூட்டமாக மலை உச்சிக்கு ஏறியபோதும் இவன் காம்பராவுக்குள்ளேயே இருந்திருக்கிறான். வகுப்பில் யாராவது தோளில் கை வைத்தால் திரும்பி முழங்கையால் குத்துவான். விளையாட்டுக்குத் தொட்டாலும் அதே குத்து.

தனிமை மிருகங்களைச் சண்டைக்காரர்களாக்கும் என்பது பழ ஈயிலிருந்தே தெரிந்த விஷயம். தனியாக வளர்த்த ஈ, கூட்டத்தில் வளர்ந்ததைவிட அதிகம் சண்டை போடும். சுண்டெலிகளை இரண்டு வாரம் தனியாக வைத்தபோது மூளையில் பல இடங்களில் ‘டாக்-2’ என்ற மரபணுவின் வேலை ஏறியது. அது தரும் சிறு புரதம் ஒரு பகுதியில் பயத்தையும் இன்னொரு பகுதியில் தாக்கும் குணத்தையும் வளர்த்தது. மொரியல் ஸெலிகோவ்ஸ்கியும் டேவிட் ஆண்டர்சனும் மற்றவர்களும் 2018இல் இதை வெளியிட்டார்கள். ஒருநாள் தனிமை எதுவும் செய்யவில்லை. இரண்டு வாரம் செய்தது. பயமும் தாக்குதலும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்பதை வாசித்தபோது எனக்கு அந்த முழங்கை நினைவுக்கு வந்தது. நான் அதுவரை அவனைத் திமிர் பிடித்தவன் என்றே நினைத்திருந்தேன்.

நினைத்ததோடு நிற்கவும் இல்லை. முதல் மாதத்தில் அவனை இரண்டு முறை பிரம்பால் அடித்தேன். பிரம்பைத் தடை செய்யும் சுற்றறிக்கைகள் வந்து எத்தனையோ வருடமாகின்றன. அவை கோப்பில் இருக்கின்றன, பிரம்பு அலுமாரியின் மேல் இருக்கிறது. அடித்தபோது வகுப்பு முழுவதும் அமைதியானது. அந்த அமைதியில் எனக்குப் பாதையின் நடுவில் நடந்த பழைய ருசி தெரிந்தது. நாற்பத்தேழு வயதில், கையில் பிரம்போடு, ஒரு நோஞ்சானை ஜெயித்துவிட்டு நிற்கிறேன்.

பிறகு அவனைப் பேச்சில் தேற்ற முயன்றேன், பலிக்கவில்லை. கரப்பந்தாட்டக் குழுவில் சேர்த்தேன். இப்போதும் முழங்கை தூக்குகிறான், முன்பைவிடக் குறைவாக. குத்துவதற்கு முன் ஒரு கணம் யார் என்று திரும்பிப் பார்க்கிறான். அம்மா திரும்பி வந்துவிட்டார், அதனால்தானோ என்னவோ.

கென்யாவின் பபூன் குரங்குக் கூட்டம் ஒன்றைப் பற்றி ராபர்ட் சபோல்ஸ்கி எழுதியதை ஓய்வறையில் ஒருமுறை சொன்னேன். 1980களில், சுற்றுலா விடுதியின் குப்பைமேட்டுக்குப் போய் அங்கே வேறு கூட்டத்தோடு சண்டை போட்டுத் தின்னும் முரட்டு ஆண்கள், கெட்ட இறைச்சியிலிருந்து வந்த காசநோயில் செத்துப்போயின. குப்பைமேட்டுக்குப் போகாத சாதுவான ஆண்களும் பெண்களும் மிஞ்சினார்கள். கூட்டம் அமைதியானது. இது வியப்பில்லை. பத்து வருடம் கழித்து, அந்தச் சாது ஆண்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆண்கள் எல்லாம் வேறு கூட்டங்களில் வளர்ந்து வந்து சேர்ந்தவை. ஆனாலும் கூட்டம் அப்படியே அமைதியாக இருந்தது. புதிதாக வந்த வாலிபனைப் பெண் குரங்குகள் சீக்கிரமே பக்கத்தில் சேர்த்துப் பேன் பார்த்தன, அவன் மாறினான். கேட்டுக்கொண்டிருந்த மூத்த ஆசிரியர் ஒருவர், “அப்படியென்றால் முதலில் முரடர்கள் சாக வேண்டுமே, சேர்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது சரியான கேள்வி.

இந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது, பீலிக்கரையில் வரிசை கிடையாது. கோயிலுக்குப் போகிறவர்கள் கால் கழுவ மட்டும் அங்கே இறங்குகிறார்கள். தொங்கல் வீட்டுக்காரன் நின்றிருந்தான். கொழும்பில் ஒரு கடையில் வேலை, முடி நரைத்திருக்கிறது, பெரிய தொந்தி. என்னைக் கண்டதும் சிரித்தான். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். கரப்பந்தாட்டம் பற்றிப் பேசினோம். நானாகத்தான் அந்தக் குடத்தைப் பற்றி எடுத்தேன்.

“அந்த நசுங்கிய குடமா?” என்றான். “அதில்தான் அம்மா சாகும்வரை தண்ணீர் பிடித்தாள். நிமிர்த்தி வைத்தால் ஒருபக்கம் சாயும்.”

மேளச் சத்தம் கேட்டது. இருவரும் செருப்பைக் கழற்றினோம். குழாய்க்குப் பக்கத்தில் நின்றவன் அவன்தான். ஒரு எட்டு பின்னால் வைத்து வழிவிட்டான்.

“நீ முதலில் கழுவு.”

“நீதானே முதலில் வந்தாய், நீ கழுவு” என்றேன்.

அவன் அசையவில்லை. மரியாதையா, படித்த ஆசிரியர் என்பதா, வேறு ஏதாவதா என்று அவன் முகத்தில் தேடினேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். தண்ணீர் பாசியின் மேல் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது.